குடத்துக்கு முப்பத்திரண்டு

என் மகள் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் பிளாக் பிள்ளைகள் ஐந்து பேருக்கு நான் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சரி என்று நினைத்துத்தான் சொன்னேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில் வரிசையாகக் கிடங்குகள் இருக்கின்றன. துறைமுகத்துக்கு வரும் சரக்கு அங்கேதான் வந்து இறங்கும். அந்தக் கிடங்குகளின் கூரையில், கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாகச் சிலது தொங்கும். பார்த்திருப்பீர்கள். புகை வந்தால் அது கண்டுபிடித்துக் காவலாளி அறையில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டியில் ஓர் எண் தெரியும். முப்பத்தெட்டு என்று வந்தால் முப்பத்தெட்டாவது கிண்ணத்துக்குக் கீழே புகை என்று அர்த்தம். அந்தக் கிண்ணங்களைக் கழற்றித் துடைப்பதும், பழுதானதை மாற்றுவதும், புதிதுக்கு எண் வைப்பதும் எங்கள் வேலை. யாராவது கேட்டால் டெக்னீசியன் என்பேன். உண்மையில் நான் டெக்னீசியனுக்கு உதவியாள்.

எண் வைப்பது எப்படி என்றால், கிண்ணத்தின் அடிப்பாகத்தில் அரிசி அளவில் எட்டுச் சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருக்கும். டெஸ்டர் முனையால் மேலே தள்ளினால் ஆன். கீழே தள்ளினால் ஆஃப். இடது கோடியில் இருப்பதன் மதிப்பு ஒன்று. அடுத்தது இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு, பதினாறு, இப்படியே இரட்டிப்பாகிக்கொண்டு போகும். நான் சேர்ந்த வாரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டாளி ஒருவன் சொன்னதுதான் எனக்குப் பாடம்.

"இதுல இன்னா மாமு கீது? கூட்டிக்கினே போ. முப்பத்தெட்டு வோணுமா, முப்பத்திரண்ட தள்ளு, நால தள்ளு, ரெண்ட தள்ளு. மீதியெல்லாம் கீழ கெடக்கட்டும். ஆச்சா?"

ஆச்சு. அன்றிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தகரக் கூரைக்கு ஓர் அடி கீழே தலையை வைத்துக்கொண்டு, கழுத்தில் வியர்வை ஓட, எண் வைத்து எண் வைத்து எனக்கு விரலே கணக்குப் போடும். ஆனால் முழங்கால் போய்விட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏணி ஏறி இறங்கிவிட்டு, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துவரும் பஸ்ஸில் நின்றுகொண்டே தண்டையார்பேட்டைக்கு வந்தால், எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படி இன்னோர் ஏணியாகத் தெரியும். பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் மகள் கம்ப்யூட்டர் புத்தகத்தோடு வந்தாள்.

"நைனா, இது ஒண்ணுமே புரியல. எண்ணை ரெண்டால வகுத்துக்கினே போவணுமாம். மீதிய கீழேருந்து மேல எழுதணுமாம். இன்னாத்துக்கு மிஸ்னு கேட்டா, அதான் முறை, எழுதுங்கறாங்க."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இரும எண்கள் என்று தலைப்பு. ஒன்று என்றால் மின்சாரம் உண்டு, பூஜ்யம் என்றால் இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 1, 2, 4, 8, 16, 32 என்று ஒரு வரிசை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பிள்ளையின் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று அச்சாகியிருந்தது அதுதான் முதல் தடவை. இதற்கு ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் வெறுமனே நம்பர் வைப்பது என்போம்.

"வகுக்கறது சுத்து வழி பாப்பா. நைனா சொல்றேன், நேர் வழி" என்றேன்.

அந்த வார்த்தையைத்தான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குச் சொன்னது அடுத்த நாளே நால்வர் காதுக்குப் போய்விட்டது. எல்லாரும் எங்கள் பிளாக், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஐந்து பேரையும் மாடிப்படி அடியில் வரிசையாக உட்காரவைத்தேன். என் இடது கைப்பக்கம் இருப்பவள் ஒன்று. பிறகு இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. நான் ஒரு எண் சொன்னால் அதற்குத் தேவையானவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் ஒன்று, உட்கார்ந்தால் பூஜ்யம். முப்பத்திரண்டுக்கு ஆள் இல்லை. ஒருத்தி வீட்டிலிருந்து பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்து பதினாறுக்குப் பக்கத்தில் வைத்தாள். குடம் நிமிர்ந்திருந்தால் ஆன், கவிழ்த்தால் ஆஃப்.

"இருபத்தஞ்சு!" என்பேன்.

பதினாறும் எட்டும் ஒன்றும் எழுவார்கள்.

"ஏய் நாலு, நீ இன்னாத்துக்கு எந்திரிக்கற? குந்து!"

"எனக்குக் காலு மரத்துப் போச்சுடீ. எப்பப் பாரு என்னைய குந்தவெக்கிறாரு மாமா."

"பதினாறு எந்திரிச்சா படியே ஆடுது மாமா, அவள குடத்துக்கு மாத்துங்க."

"உங்கூட்டு சோத்தையா துன்றேன்? மூடு."

எட்டு என்ற இடத்தில் இருந்தவள் மட்டும் அதிகம் பேச மாட்டாள். அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். அந்தப் பிள்ளைதான் ஐந்து பேரில் வேகம். நான் எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கணக்கை முடித்து, அடுத்தவளை இடித்து எழுப்புவாள். அவளேதான் ஒரு நாள் கேட்டாள்.

"மாமா, மிஸ் சொன்ன மாதிரியும் ஒருவாட்டி போட்டுப் பாக்கலாமா?"

"விடையப் பாத்துக்கலாம்மா" என்று புத்தகத்தின் பயிற்சியைத் திறந்தேன். முதல் மூன்று கணக்கு ஒன்பது, இருபத்தேழு, நாற்பத்தைந்து. ஐந்து பேரும் குடமும் சேர்ந்து மூன்றையும் போட்டார்கள். கடைசியாக நிற்கிறவரோடு எழுதுவதை நிறுத்திவிடச் சொன்னேன், அதற்கு மேல் இருக்கிற பூஜ்யம் வீண் என்று. 1001. 11011. 101101. பின்பக்கத்தில் விடைகளைப் பார்த்தோம். மூன்றும் அப்படியே இருந்தன. பிள்ளைகள் கத்திய கத்தலில் மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து திட்டினார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். உடம்பு வலித்தது. நான்காவது கணக்கைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் அந்தப் பாடத்துக்குத் தேர்வு வைத்தார்கள். அது முடிந்து சில நாளில், ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் டைரியை நீட்டினாள். அதற்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. என் மகள் தேர்வில் பார்த்து எழுதினாள், இனிமேல் அப்படிச் செய்ய மாட்டாள் என்று தட்டச்சு செய்து, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை கம்ப்யூட்டர் அறைக்குள் விட மாட்டார்கள். அந்தத் தாள் பள்ளியில் கோப்பில் இருக்கும்.

"நாங்க காப்பி அடிக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஐந்து பேருக்கும் ஒரே தாள் போயிருந்தது. ஒரே பெஞ்சில் இருந்த ஐந்து பேர், ஐந்து கணக்கிலும் ஒரே மாதிரித் தப்பு. டீச்சர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. விடைத்தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இருபது, பதினாறும் நான்கும்: 00101. சரி. முப்பத்தெட்டு: 011001. சரி. ஐந்தும் சரி.

"இன்னாமே இது, எல்லாம் சரியாத்தானே கீது! அந்த டீச்சருக்கே தெரியல போல" என்று மனைவியிடம் கத்தினேன். "திங்கக்கெழமை வரேன். வந்து கேக்கறேன், இன்னா படிச்சிட்டு வந்தாங்கன்னு."

மனைவி, "சாப்ட்டுட்டு கத்து" என்றாள். மகள் சுவர் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கீழ்வீட்டிலிருந்து அடி விழும் சத்தம் கேட்டது. எட்டாக உட்காரும் பிள்ளையின் வீடு. அவள் அம்மா விடியற்காலை எழுந்து மீன் எடுக்கப் போகிறவர். நாள் முழுக்கக் கூடை சுமந்துவிட்டு வந்து, பிள்ளை திருட்டுத்தனம் செய்தாள் என்று ஒரு தாள் வந்தால் என்ன செய்வார்? படிக்கவைக்கத்தானே இத்தனையும் என்று அழுதுகொண்டே அடித்தார். அன்றைக்கே கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் காலை அந்தப் பிள்ளை மாடிப்படி அடியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டீச்சரிடம் காட்ட ஆதாரம் வேண்டும் என்று மகளின் புத்தகத்தைத் திறந்தேன். அதே பயிற்சி. நான்காவது கணக்கு ஆறு. எங்கள் கணக்குப்படி 011. பின்பக்கத்தில் 110 என்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். அடுத்தது பதினான்கு. எங்களுக்கு 0111. புத்தகத்தில் 1110. அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியிருந்தன.

பிள்ளைகளே, கவனித்துப் பாருங்கள். 1001, 11011, 101101. இந்த மூன்றையும் இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். நான் சரிபார்த்தது இந்த மூன்றை மட்டும். உலகத்தில் எல்லாரும் ஒன்றின் இடத்தை வலது கோடியில் வைத்து எழுதுகிறார்கள். நூறு, பத்து, ஒன்று என்று நாமும் அப்படித்தானே எழுதுகிறோம். அந்தக் கிண்ணத்தைச் செய்த கம்பெனி ஒன்றை இடது கோடியில் வைத்துவிட்டது. சுவிட்சு தள்ள அது போதும். தாளில் எழுத அது தப்பு. மீதியைக் கீழேயிருந்து மேலே எழுதச் சொன்ன டீச்சர் சொன்னதுதான் சரி. அதைச் சுற்று வழி என்று சொன்னவன் நான்.

மகள் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாப்பா, தப்பு எம்மேல."

அவள் மடிப்பை நிறுத்தவில்லை. "எனக்கு பேப்பர் குட்த்த அன்னிக்கே தெரியும் நைனா. வூட்டுக்கு வந்து புக்க பாத்தேன்."

"மிஸ்ஸாண்ட சொல்லவேண்டியதுதானே?"

"இன்னானு சொல்றது? எங்க நைனாவுக்குத் தெரியாதுன்னா?"

வெள்ளிக்கிழமை டீச்சருக்கே தெரியவில்லை என்று நான் கத்தியபோது இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நைனாவுக்குத் தெரியாது என்று சொல்வதைவிடத் தான் காப்பியடித்தவள் என்ற பெயர் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். பதின்மூன்று வயது. பழுதான கிண்ணங்களை வீட்டில் போட்டுவைத்திருந்த பெட்டியிலிருந்து சுவிட்சு வரிசை இருக்கும் அடிப்பாகம் ஒன்றைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் சின்ன வயதுதான். மேசையில் மூன்று வகுப்பு நோட்டுகள் குவிந்திருந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்து போட்டுடுங்க சார். உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு, அதான் எனக்கே கஷ்டமா இருக்கு."

"அவங்க காப்பி அடிக்கல மேடம். அஞ்சு பேருக்கும் தப்பா சொல்லிக்குடுத்தவன் நானு."

டீச்சர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இதற்கு முன்னாலும் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த பெற்றோரை அவர் பார்த்திருப்பார் போல.

"ஆறு எழுதுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

011 என்று எழுதினேன்.

"இது ஆறு இல்ல சார். ரெண்டும் ஒண்ணும் மூணு. இது மூணு."

"தெரியும் மேடம். நேத்துதான் தெரியும். ஆனா எங்க வேலைல இது ஆறுதான்."

பையிலிருந்து அந்த அடிப்பாகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். சுவிட்சுகளைக் காட்டினேன். இடது கோடியில் 1 என்று பொடியாக அச்சிட்டிருப்பதைக் காட்டினேன். டெஸ்டரால் ஆறு வைத்தேன், இருபது வைத்தேன், முப்பத்தெட்டு வைத்தேன். அவர் நான் கொண்டுவந்திருந்த மகளின் விடைத்தாளை இழுத்து ஒவ்வொரு விடையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டனுப்பினார்.

மகள் வந்து என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்ததைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன், அதைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"இப்டி வெச்சா சரியா வரும் மிஸ். ஒண்ணு இந்தப் பக்கம் வந்துடும். ஆனா கீழ தள்ளினது ஆன்னு வெச்சுக்கணும்."

இத்தனை வருடம் கையில் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"அப்போ ஏன் நீ எங்கிட்ட சொல்லல?" என்று டீச்சர் கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடி கேட்கவில்லை.

கோப்பிலிருந்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வந்திருந்த ஒரே ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இத அந்த அம்மாகிட்ட நீங்களே குடுத்துடுங்க. மீதி யாரும் போட வேண்டாம். ஆனா மார்க் போட முடியாது சார். விடை தப்பு தப்புதான்."

"வேணாம் மேடம்" என்றேன்.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வேலைக்குப் போனேன். எண்ணூர் பக்கம் ஒரு கிடங்கில் பதினெட்டுக் கிண்ணம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண் வைக்கும்போது விரல் ஒரு நொடி நின்றது. ஏணி அடியில் இருந்த கூட்டாளி, "இன்னா மாமு, தூங்கறியா மேல?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தினி வருஷமா நாமதான் தலகீழா நின்னுகினு இருந்தோமா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மேலே ஏறவில்லை. நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எம்புள்ள காப்பி அடிக்கலியா?"

"இல்லம்மா. அது போட்டது எல்லாம் நான் சொன்ன மாதிரியே கரீட்டு. நான் சொன்னதுதான் தப்பு."

"நல்லா சொல்லிக்குட்த்த போ! நாலு நாளா எங்கூட ஒரு வாத்த பேசல அது. சோறும் துன்னல. நீ பாட்டுக்கு ஏணி மேல ஏறிக்கினு கெடக்காம உனக்கு இன்னாத்துக்கு வாத்தியார் வேலை?"

அவர் தாளை இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏய், வந்து கேளுடீ, இன்னா சொல்றாருன்னு" என்றார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. நான் அந்த இருட்டைப் பார்த்து, "தப்பு என்னுதுமா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். மற்ற மூன்று வீட்டுக்கும் போய் அதையே சொன்னேன். மூன்றாவது வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது மாடிப்படி அடியில் என் மகளும் மற்ற மூவரும் இருந்தார்கள். குடத்தை வைத்துக்கொண்டு சண்டை.

"குடம் அந்தப் பக்கம் போவணும்டீ. ஒண்ணு இந்தக் கோடிக்கு வா."

"நான் எப்பவும் இங்கதான் குந்துவேன்."

"இங்க குந்தினதாலதான்டீ பூஜ்யம் வாங்கின. நவுரு."

எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செருப்பை வைத்திருந்தார்கள். நான் இரண்டு படி மேலே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் கொதித்தன. அவர்கள் என்னைக் கேட்கவில்லை, நானும் எண் சொல்லவில்லை. பதினாறாக இருந்தவளே சொன்னாள்.

"இருபத்தஞ்சு!"

பதினாறு எழுந்தாள். ஒன்று எழுந்தாள். செருப்பை யாரோ நிமிர்த்தி வைத்தார்கள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பிள்ளை வந்தாள். கண் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் செருப்பைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றாள். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணு, ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு" என்று படித்தாள். குடத்தைப் பார்த்து, "அத்த கவுத்து வைங்க, நிக்கிது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மாமா, புக்கு எங்க? விடைய நான் பாக்கறேன்" என்றாள்.

புத்தகத்தை மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை பின்பக்கத்தைத் திறந்து நான்காவது கணக்கிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, விரலை வைத்து. எத்தனையாவது வரை பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருக்கிறேன். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவிதான் எழுப்பினாள்.